கையெழுத்துக் கேட்டுப் போன சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த மறு வாரம். பினாங்கு சூலியா தெருவில், மதியக் கூட்டம் கொஞ்சம் அடங்கிய ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. மின்விசிறிக்கு நேர் கீழே மேசை கிடைத்ததில் எனக்கு ஏக சந்தோஷம். எதிரே என் பஸ் தோழி உட்கார்ந்திருந்தாள். என் கைப்பையில் என் முதல் புத்தகத்தின் அச்சுப்படி, ஒரு சம்மதக் கடிதம், ஒரு நீல மைப் பேனா. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டத்தோ கிராமாட்டில் குடியிருக்கிறேன். பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். சாமான் வந்தால் சரிபார்த்து உள்ளே வைப்பது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. இந்த வேலைக்கும் எழுத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கோபத்தில் வலைப்பூ ஒன்றை ஆரம்பித்துவிட்டேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு கோயில் அன்னதானம். காலையிலிருந்து காய் நறுக்கி, சாம்பார் கொதிக்க வைத்து, இலையைத் துடைத்து அடுக்கிய பெண்கள் எல்லாரும் ஓரமாக நிற்க, "முதல் பந்தி ஆம்பளைங்க உட்காரட்டும்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டாவது பந்தியும் ஆண்கள்தான். மூன்றாவது பந்தியில் எங்களுக்கு ரசமும் அப்பளத் தூளும் கிடைத்தன. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்த அப்பளத் தூளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி இணையத்தில் போட்டேன். முதல் நாள் பதினான்கு பேர் பார்த்ததாகக் காட்டியது. அதில் ஆறு பேர் நானேதான்.

எழுத எழுத ஆள் சேர்ந்தது. மாமியார் வீட்டில் மருமகள் எந்தக் கோப்பையில் தேநீர் குடிக்கிறாள், வளைகாப்பு வீட்டில் கணவனை இழந்தவளை எந்த மூலையில் உட்கார வைக்கிறார்கள், பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்த என்னென்ன சாக்குச் சொல்கிறார்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். பாராட்டைவிடத் திட்டுத்தான் அதிகம் வந்தது. குடும்பம் கெடுக்க வந்தவள் என்றார்கள். 'உன்னோடு உன் புருஷன் எப்படித்தான் குப்பை கொட்டுகிறானோ' என்று ஒருவர் வாராவாரம் கவலைப்படுவார். குப்பையை என் புருஷன்தான் கொட்டுகிறார், எங்கள் வீட்டில் அது அவர் பங்கு வேலை என்று பதில் போட்டேன். அதற்கும் திட்டு வந்தது.

வாங்கி வாங்கித் தோல் தடித்துவிட்டது. அதோடு இன்னொன்றும் நடந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. இத்தனை பேர் திட்டுகிறார்கள் என்றால் நான் சரியான பக்கம்தான் நிற்கிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். தப்புச் செய்கிறவர்கள் எல்லாரும் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால், நம் கை என்ன செய்கிறது என்று நாம் பார்ப்பதே இல்லை.

இப்போது பஸ் தோழி. எங்கள் தொழிற்சாலை பஸ் காலை ஆறு மணிக்குச் சந்தியில் வந்து நிற்கும். அவளும் நானும் அங்கேதான் ஏறுவோம். அவள் உற்பத்தி லைனில் நின்று மின்பலகைகளைச் சோதிக்கிறவள். என்னைவிட இரண்டு வயது இளையவள், அதனால் என்னை 'அக்கா' என்பாள். அப்போதே ஏழு வருடமாக எங்களுக்கு ஒரே இருக்கைதான். ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். போக முக்கால் மணி, வர ஒரு மணி, நெரிசல் என்றால் அதற்கும் மேலே. அவ்வளவு நேரம் என் வீட்டுக்காரரோடுகூட நான் பேசியது கிடையாது.

அவள் வாயைத் திறந்தால் படம் ஓடும். மேலாளர் நடப்பது, மாமியார் இருமுவது, பக்கத்து வீட்டு நாய் கோபித்துக்கொள்வது எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டுவாள். என் பதிவுகளில் பாதிக்கு விதை அந்த ஜன்னலோர இருக்கையிலிருந்துதான் வந்தது. ஆனால் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. மலாய்ப் பள்ளிக்குப் போனவர்கள் தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் தாலாட்டுவார்கள், தமிழில் சாமி கும்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் மட்டும் யாரிடமாவது நீட்டிப் படிக்கச் சொல்வார்கள்.

ஒரு நாள் அவளை லைன் லீடராக்குவதாக நிர்வாகம் கூப்பிட்டுச் சொன்னது. பதினைந்து வருட உழைப்பு. எனக்கே பதவி வந்த மாதிரி குதித்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும், "வேணாம்னுட்டேன்க்கா" என்றாள். விஷயத்தை வீட்டில் சொன்னபோது கணவர், "அப்ப சோறு யாரு ஆக்குறது?" என்று கேட்டாராம். அந்தக் குழப்பத்தில் இவள் மீன் கறிக்கு இரண்டு தடவை புளி கரைத்து ஊற்றிவிட்டாளாம். அதைச் சாப்பிட்டபோது கணவரின் முகம் போன போக்கை நடித்துக் காட்டினாள். பின்சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குள் பதிவு ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்று மதிய உணவு இடைவேளையிலேயே, ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதி முடித்தேன். 'பூட்டு' என்று தலைப்பு. பினாங்கைக் கிள்ளான் ஆக்கினேன், மின்னணுத் தொழிற்சாலையைத் தையல் தொழிற்சாலை ஆக்கினேன். மீன் கறியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அப்படி ஒரு விவரத்தை எந்த எழுத்துக்காரி கைவிடுவாள்? கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: 'சாவி அவள் கையில்தான் இருக்கிறது. அவளுக்குத்தான் பூட்டு பிடித்திருக்கிறது.'

அந்த வரி பிய்த்துக்கொண்டு போனது. யாரோ அதை ரோஜாப்பூப் படத்தின் மேல் எழுதி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள். என் நாத்தனார், அது நான் எழுதியது என்று தெரியாமல், எனக்கே அனுப்பி 'சிந்திக்க வேண்டிய விஷயம்' என்றாள். நானும் சிந்தித்தேன், என் திறமையைப் பற்றி.

அவளிடம் கேட்டுவிட்டு எழுதினாயா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

ஒரு வருடம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பதிப்பகம் தேடி வந்தது. நாற்பது பதிவுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவதாகவும், 'பூட்டு' என்றே பெயர் வைப்பதாகவும் சொன்னார்கள். அட்டையில் துருப்பிடித்த ஒரு பூட்டின் படம். அந்தப் படத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை போனில் திறந்து பார்த்துக்கொள்வேன். அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது பதிப்பகத்தின் ஆசிரியை கூப்பிட்டார். உண்மை மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு அவரவர் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். மற்றவை எளிதாகக் கிடைத்துவிட்டன. மிச்சம் இருந்தது இவள்தான். "கையெழுத்து இல்லன்னா 'பூட்டு' புத்தகத்துல இருக்காது. தலைப்பையும் மாத்திடுவோம். திங்கக்கிழமை அச்சு ஆரம்பிக்குது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. திருட்டு வேலைக்கு யோசனை என்று பெயர் வைப்பதில் எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். சனிக்கிழமை அரை நாள் ஓவர்டைம் முடிந்ததும் அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவது, பேச்சோடு பேச்சாகக் கையெழுத்தை வாங்கிவிடுவது. பெண்ணுரிமை எழுத்தாளராகிய நான் அன்று அதிகாலையிலேயே வீட்டில் எல்லாருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவள் வீட்டுக்குப் போய் உடை மாற்றி, தீபாவளிக்கு எடுத்த சுடிதாரில் தன் மோட்டார் சைக்கிளில் வந்தாள். "அண்ணே, குழம்ப நல்லா பஞ்சீர் பண்ணிடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி, சோறு மிதக்க மிதக்க வாங்கிக்கொண்டாள். சாப்பிடும்போது ஊர்க்கதை பேசினோம். கை கழுவிவிட்டு வந்ததும் கடிதத்தை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"என் புத்தகம் வருதுன்னு சொன்னேன்ல, அதுல உன்ன வச்சும் ஒண்ணு எழுதியிருக்கேன். நல்லாத்தான் எழுதியிருக்கேன். அவங்களுக்கு ஒரு கையெழுத்து வேணுமாம், சும்மா ஒரு வழக்கத்துக்கு" என்றேன். பேனாவின் மூடியையும் நானே கழற்றிக் கொடுத்தேன்.

அவள் பேனாவைத் தொடவில்லை. "படிச்சுக் காட்டுங்கக்கா" என்றாள்.

"கடிதத்தையா?"

"கடுதாசி அப்புறம். அந்தக் கதைய. தெரியாத தாளுல கையெழுத்துப் போடாதேன்னு நீங்கதானே எழுதினீங்க?"

எழுதியிருந்தேன்தான். அண்ணன் நீட்டிய வீட்டுப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. படிக்கத் தெரியாதவளிடம் கையெழுத்து வாங்குவதும் கன்னம் வைத்துத் திருடுவதும் ஒன்று என்று அதில் காரசாரமாகச் சொல்லியிருந்தேன். அதை நானே எப்போதோ பஸ்ஸில் இவளிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி இவளுக்குத் தெரியும்?

அச்சுப்படியை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன். எழுதப்பட்டவளின் முகத்துக்கு எதிரே வாசிப்பது அதுதான் முதல் தடவை. இரண்டாவது பத்தியில் 'தன் குரலைத் தானே விழுங்கப் பழகியவள்' என்று இருந்தது. கண் அதைப் பார்த்தது, வாய் தாண்டிப் போனது. 'அடிமைத்தனம் அவளுக்குப் பழகிய புடவை' என்று இன்னொரு இடம். அதையும் தாண்டினேன். எழுதும்போது எனக்கு எவ்வளவு இனித்த வரிகள்! மீன் கறி வந்த இடத்தில் அவள் லேசாகச் சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது. கடைசி இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே குரலை இறக்கி முடித்துத் தாளை மடித்தேன்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"முடிஞ்சிடுச்சு."

தண்ணீர்க் குவளையை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தாள். பிறகு, மேசையைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "சாவி அவள் கையில்தான் இருக்கிறது. அவளுக்குத்தான் பூட்டு பிடித்திருக்கிறது." நிமிர்ந்து பார்த்தாள். "இத ஏன்க்கா விட்டுட்டீங்க?"

மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

அவள் தன் போனை எடுத்து எதையோ தட்டி மேசையில் வைத்தாள். ஒரு பெண் குரல், உயிரில்லாத இயந்திரக் குரல், என் வலைப்பூவை இழுத்து இழுத்து வாசித்தது. கல்லாவில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் அதை நிறுத்தினாள்.

"மூணு வருஷமா கேட்கறேன்க்கா. சமைக்கறப்ப இத அடுப்பு மேடையில சாய்ச்சு வச்சிடுவேன். இந்தப் பொம்பள படிக்கறது ஒரு மாதிரியாத்தான் இருக்கும். ஆனா ஒரு வரி விடமாட்டா."

"ஏன் இத்தன நாளா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா, எழுதறப்ப என்னை நெனச்சு உங்களுக்குக் கூச்சம் வந்துடும். நீங்க ஃபிரீயா எழுதட்டும்னு விட்டுட்டேன்."

'பூட்டு' பதிவை முதல் தடவை கேட்டபோது யாரோ ஒரு பெண்ணின் கதை என்றுதான் நினைத்தாளாம். ஐயோ பாவம் என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாளாம். மீன் கறியும் இரண்டாவது புளியும் வந்ததும் கத்தி நின்றுவிட்டதாம். அப்போது கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் எல்லாம் விழுந்திருக்கிறது. முடிந்ததும், "அந்தப் புருஷன் சரியான மடையன்லா" என்று அங்கிருந்தே சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அவருக்கு அது அவருன்னே தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. எனக்குப் பூட்டு புடிச்சிருக்குன்னு உங்ககிட்ட யாருக்கா சொன்னா?"

வலைப்பூவில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் சுடச்சுடப் பதில் கொடுத்தவள் நான். இவளுக்குப் பதிலாக ஒரு கேள்விதான் வந்தது. "அப்ப ஏன் அந்த வேலைய வேணாம்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் கேட்கறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

பிறகு சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு தொழிற்சாலையில், கழிவறைக்குப் போக வேண்டுமானால் லைன் லீடரிடம் ஓர் அட்டை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அட்டை லீடரின் கழுத்தில் தொங்கும். "நான் மாசமா இருந்தப்ப, கேட்டேன், தரல. ஏற்கனவே ரெண்டு தடவ போயிட்டேனாம். லைன்லயே நின்னு அழுதேன். அட்டைய வச்சிருந்ததும் ஒரு பொம்பளதான்க்கா. ரெண்டு புள்ள பெத்தவ. இங்க அட்டை இல்லதான், ஆனா லீடர்தான் யாரு எவ்ளோ நேரம் போனாங்கன்னு பார்த்து எழுதணும். அந்த வேலைய நான் செய்யவான்னு நெனச்சேன்."

என் முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் அல்லவா, எனக்குள் எப்போது பதிவு ஓட ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"உடனே இத எழுதி என்னைத் தியாகி ஆக்கிடாதீங்க. அது மட்டும் காரணம் இல்ல. ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதணும், அந்தப் பயமும் இருந்துச்சு. அவரு கேட்டதும் உண்மைதான், அதுல எனக்குக் கோவமும் உண்டு. எல்லாந்தான்க்கா. நீங்க ஒண்ணே ஒண்ண எடுத்துக்கிட்டீங்க."

கடிதத்தை எடுத்து நான்காக மடித்தேன். "எடுத்துடறேன். புத்தகத்துலேர்ந்து, வலைப்பூவுலேர்ந்து, எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடறேன்" என்றேன். முழு மனதோடு சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த நிமிடத்திலும் துருப்பிடித்த பூட்டுப் படம் போட்ட அட்டை கண் முன்னே வந்து போனது. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"எடுக்கச் சொல்லலியே. யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தாள். வெயிலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் இருக்கை சுடுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து, கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து கிளம்பிப் போனாள். நான் மூடியில்லாத பேனாவோடு கடைவாசலில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பதினொரு நிமிடம். பின்னால் குக்கர் விசில் கேட்டது. 'நான் சொல்றத அப்படியே எழுதுங்க. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. நீங்க எழுதினதையும் மாத்தாதீங்க, அது நீங்க நெனச்சதுதானே, இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி என்னோடத போடுங்க. அப்பத்தான் கையெழுத்து' என்று ஆரம்பித்தது. கழிவறை அட்டை, அழுகை, இங்கிலீஷ் பயம், கணவர் மேல் கோபம், கணவர் மேல் பிரியம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து வந்தன. நடுவில் அரை நிமிடம், முருங்கைக்கீரை ஆய்வதில் உள்ள தொல்லையைப் பற்றிப் பேசினாள்.

அன்று முழுக்க உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். என் விரல்கள் என்ன பாடு படுத்தின தெரியுமா! இந்த வாக்கியத்தை முன்னால் கொண்டுபோனால் நன்றாக இருக்குமே, முருங்கைக்கீரையை எடுத்துவிட்டால் கச்சிதமாக இருக்குமே என்று அரித்துக்கொண்டே இருந்தது. முருங்கைக்கீரை அப்படியே இருந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில், 'பூட்டு' கட்டுரையையும் அவளுடைய இரண்டு பக்கங்களையும், என் கடைசி வரி உட்பட, ஒன்றையும் விடாமல் அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தலையசைத்தாள். பிறகு கடிதத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடியில் பையை வைத்து அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பஸ் குலுங்கியதில் அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பதிப்பக ஆசிரியைக்கு அவள் பேச்சு பிடித்திருந்தது, பேச்சுமொழி பிடிக்கவில்லை. "கொச்சைய மட்டும் திருத்திடலாமே" என்றார். ஒரு வார்த்தை மாற்றினாலும் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை மட்டும் முழு மனதோடு சொன்னேன்.

வெளியீட்டு விழாவில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் தலைமை தாங்கினார், பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. நூலை ஆய்வு செய்த பேராசிரியை, இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த இரண்டு பக்கங்கள் இதை எழுதியவர் எழுதாத இரண்டு பக்கங்கள் என்று சொன்னார். மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன், உண்மையாகவே தட்டினேன். நடுவரிசையில் இருந்த அவளைத் தேடினேன். நாற்காலிக்கு அடியில் ஒரு காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு பக்கங்களைச் சொன்னவள் அவள்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டாவது புத்தகமும் வந்துவிட்டது. கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். வலைப்பூவில் திட்டுகிறவர்களும் குறையவில்லை. ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் அவளிடமே முதலில் வாசித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி வாசித்ததில் சில கட்டுரைகள் அங்கேயே செத்துப் போயின. சிலவற்றில் நான் எழுதியதைவிட அவர்கள் குறுக்கே பேசியதுதான் நன்றாக இருந்தது. இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டவர்கள் என்னைப் புகழ்கிறார்கள். புகழும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும்.

ஏனென்றால் ஒன்றை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அவள் இன்றும் ஜன்னல் பக்கம்தான் உட்காருகிறாள், இந்தப் பக்கம் நான்தான். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள், பசாரில் மீன் விலையைப் பற்றிப் பேசுகிறாள், புது மேலாளர் நடப்பதை நடித்துக் காட்டுகிறாள். வீட்டுக் கதை மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. போன வருடம் அவள் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்ததே அவளோடு லைனில் நிற்கும் இன்னொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் விசாரித்தேன். "இப்ப நல்லா இருக்காருக்கா" என்றாள், அவ்வளவுதான். ஒரு தடவை, "நேத்து அவரு..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையிலேயே என்னா வெயிலு" என்று பேச்சை மாற்றினாள். மன்னிப்பும் கேட்டாயிற்று. "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லியும் ஆயிற்று. பொய்யாகச் சொன்னாள் என்றும் நான் நினைக்கவில்லை. மனம் மன்னித்துவிட்டது, வாய்க்குத்தான் பயம் போகவில்லை.

இந்தக் கட்டுரையையும் நேற்று பஸ்ஸில் ஒரு வரி விடாமல் அவளிடம் வாசித்துக் காட்டினேன், மேலே உள்ள பத்தி உட்பட. வெளியே பார்த்தபடியே கேட்டாள். முடித்ததும் அவள் ஏதாவது சொல்வாள், இதெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை மறுப்பாள் என்று காத்திருந்தேன். "சரியாத்தான் இருக்குக்கா. அனுப்புங்க" என்றாள். தொழிற்சாலை வரும்வரை இருவரும் வேறொன்றும் பேசவில்லை.

பெண்களின் மௌனத்தைப் பற்றி எழுதி எழுதியே பெயர் வாங்கியவள் நான். ஆனால் வாயாடியான ஒருத்தியைப் பேசாமல் ஆக்கியது எந்த ஆணும் இல்லை, நான்தான் என்பதைத் தினமும் காலை ஆறு மணிக்கு அவள் பக்கத்தில் போய் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.